மயக்கம் தெளிதலும் தசை மீளுதலும்: உணர்விழப்பு மீட்பு மருந்துகளும் அவற்றைத் தமிழில் சொல்லுதலும்

ஆய்வுச் சுருக்கம்

அறுவைச் சிகிச்சையின் முடிவில் நோயாளியை மீட்பதற்காகத் தரப்படும் மருந்துகள் தமிழில் பொதுவாக 'மயக்கம் தெளிய வைக்கும் மருந்து' என்றே வழங்கப்படுகின்றன. ஆனால் அறுவை அரங்கில் அன்றாடம் பயன்படும் மீட்பு மருந்து மயக்கத்தைத் தெளிவிப்பதில்லை. அது தசைகளின் செயலிழப்பை மட்டுமே நீக்குகிறது. இவ்வேறுபாடு தமிழில் சொல்லப்படாமையால் நோயாளிக்கும் உறவினருக்கும் நேரும் குழப்பத்தை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. மீட்பு மருந்துகள் செயல்படும் முறைகளை விளக்கி, அம்முறைகளின் அடிப்படையில் தமிழ்ச் சொற்களை வகுத்துக்கொள்ள வேண்டும் என்ற கருத்தையும் முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: மயக்கவியல், தசைத்தளர்த்தி, நியோஸ்டிக்மின், சுகமடெக்ஸ், முறிவு மருந்து, பாம்புக்கடி, மருத்துவக் கலைச்சொல்லாக்கம்

முன்னுரை

கட்டுரையாளரின் அத்தைக்கு ஆவடி வட்டாரத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவை நடைபெற்றது. அறுவை முடிந்ததும் வெளியே காத்திருந்த உறவினர்களிடம் செவிலியர், "ரிவர்சல் குடுத்தாச்சு, இப்ப முழிச்சிடுவாங்க" என்றார். அடுத்த அரை மணி நேரத்தில் நிகழ்ந்ததை அத்தை பின்னர் இவ்வாறு விவரித்தார்: "எல்லாரும் பேசுறது கேட்டுச்சு. கண்ணத் தொறக்க முடியல. எச்சில் முழுங்க முடியல. கைய ஆட்டிக் காட்டலாம்னா கையும் வரல." சற்று நேரம் மூச்சுக்குத் துணை கொடுக்கப்பட்டதும் அவர் முற்றிலும் தேறினார். குடும்பத்தில் இன்றுவரை அந்நிகழ்ச்சி, 'மயக்கம் சரியாகத் தெளியவில்லை' என்றே நினைவுகூரப்படுகிறது.

நடந்தது அதற்கு நேர்மாறானது. மயக்கம் தெளிந்துவிட்டது, தசைகள்தாம் மீளவில்லை. கேட்கும் செவியும் நினைக்கும் மனமும் விழித்திருந்தன. அவற்றின் கட்டளையை நிறைவேற்ற வேண்டிய தசைகள் இன்னும் மருந்தின் பிடியில் இருந்தன. இவ்விரண்டையும் பிரித்துச் சொல்லும் சொற்கள் அக்குடும்பத்திடம் இல்லை. அவர்கள் கையொப்பமிட்ட ஒப்புதல் படிவத்திலும் இல்லை. மயக்க மருந்தின் விளைவுகள் தாய்மொழியில் தமக்கு விளக்கப்பட்டன என்று ஒப்புக்கொள்ளும் தொடர் அப்படிவத்தில் இருந்தது. 'மயக்க மருந்து' என்பது பல மருந்துகளின் கூட்டு என்ற செய்தி அதில் இடம்பெறவில்லை.

அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் ஆவடித் தொழிற்சாலைகளிலும் பணிபுரிவோரும், பூந்தமல்லியைச் சூழ்ந்த ஊர்களின் வேளாண் குடும்பத்தினரும் இவ்வட்டார மருத்துவமனைகளில் அறுவைக்கு ஆட்படுகின்றனர். இவர்களுள் பெரும்பான்மையோர் மருத்துவரின் விளக்கத்தைத் தமிழிலேயே கேட்க வேண்டியவர்கள். எனவே இது சொல்லாராய்ச்சிக்குரிய பொருளாகவும் நோயாளியின் பாதுகாப்புக்குரிய பொருளாகவும் அமைகிறது.

1. 'மயக்கம்' என்னும் சொல்லும் மூன்று செயல்களும்

இன்றைய வழக்கில் 'மயக்கம்' என்பது நினைவிழப்பைக் குறிக்கிறது. பசி மயக்கம், வெயிலில் மயக்கம் போட்டு விழுதல், மயக்க ஊசி என்பன இவ்வழக்கின. இலக்கண மரபிலோ இச்சொல்லுக்குக் கலத்தல் என்ற பொருளே முதன்மையானது. மெய்ம்மயக்கம், திணைமயக்கம் என்ற ஆட்சிகளும், தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் இயல்களுள் ஒன்று 'வேற்றுமை மயங்கியல்' எனப் பெயர் பெற்றிருப்பதும் இதற்குச் சான்று. தற்கால மயக்கவியலின் உண்மை நிலைக்கு இப்பழம் பொருளே நெருக்கமானது. ஏனெனில் இன்று தரப்படும் பொது உணர்விழப்பு ஒரு கலவையாகும்.

1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வில்லியம் மார்ட்டன் ஈதரைக் கொண்டு உணர்விழப்பைச் செய்துகாட்டினார். அந்நாளே இன்று உலக மயக்கவியல் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. ஈதர் என்ற ஒரே பொருள் நினைவை நீக்கியது, வலியைத் தணித்தது, ஆழமாகத் தரப்பட்டபோது தசைகளையும் தளர்த்தியது. ஆனால் தசை தளரும் அளவுக்கு ஆழம் சென்றால் உயிருக்கே ஊறு நேரக்கூடும். ஒவ்வொரு செயலுக்கும் தனித்தனி மருந்தைச் சிறிய அளவில் தரலாம் என்ற சமநிலை உணர்விழப்புக் கருத்தை 1926-இல் ஜான் லண்டி முன்வைத்தார். 1942 சனவரி 23 அன்று மாண்ட்ரியலில் ஹெரால்டு கிரிஃபித்தும் ஈனிட் ஜான்சனும் குராரே என்னும் தென்னமெரிக்க அம்பு நஞ்சை அறுவையில் தசைத்தளர்த்தியாகப் பயன்படுத்தினர். அதன் பின்னர் இக்கருத்து நடைமுறையில் வேரூன்றியது.

இன்று பித்தப்பை அறுவைக்குச் செல்பவர் பொதுவாக மூன்று வகை மருந்துகளைப் பெறுகிறார். புரோபொஃபால், செவோஃபுளூரேன் போன்றவை துயிலையும் நினைவிழப்பையும் தருகின்றன. ஃபென்டனில் போன்ற ஓபியாய்டுகள் வலியைத் தணிக்கின்றன. வெக்குரோனியம், அட்ராகுரியம், ரோகுரோனியம் போன்றவை தசைகளைச் செயலிழக்கச் செய்கின்றன. துயில், வலிநீக்கம், தசைத்தளர்வு என்ற மூன்றும் தனித்தனியே தொடங்கி, தனித்தனியே முடிகின்றன.

தசைத்தளர்த்தி நினைவைச் சிறிதும் தொடுவதில்லை என்பது 1947-இல் ஐயமற நிறுவப்பட்டது. அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் ஸ்காட் ஸ்மித், வேறு எந்தத் துயில் மருந்தும் இன்றித் தமக்கே குராரேயை முழு அளவில் செலுத்தச் செய்தார். மூச்சுத் தசைகள் உட்பட உடல் முழுவதும் செயலிழந்தது. செயற்கை மூச்சு தரப்பட்டது. மீண்டெழுந்த பின் அவர், தம்மைச் சுற்றி நடந்த அனைத்தையும் எடுத்துரைத்தார். தசை அசையாதிருப்பதும் மனம் உறங்குவதும் வேறு வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

2. தசை மீட்பு: நியோஸ்டிக்மின்

அறுவை அரங்கில் 'ரிவர்சல்' எனப்படுவது பெரும்பாலும் நியோஸ்டிக்மின் என்னும் மருந்தாகும். இதன் செயலை அறிய நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தைக் காண வேண்டும்.

நரம்பின் முனையிலிருந்து அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளிப்பட்டுத் தசையின் ஏற்பிகளில் பொருந்துகிறது, தசை சுருங்குகிறது. அடுத்த கணமே அங்குள்ள நொதி அசிடைல்கோலினைச் சிதைத்துவிடுவதால் தசை தளர்ந்து, அடுத்த கட்டளைக்கு ஆயத்தமாகிறது. ரோகுரோனியம் போன்ற மருந்துகள் இந்த ஏற்பிகளில் அமர்ந்துகொள்கின்றன. ஆனால் அவற்றைத் தூண்டுவதில்லை. பேருந்தில் துண்டைப் போட்டு இடம் பிடிப்பது போன்றது இது. இருக்கை நிரம்பிவிடுகிறது, அமர வேண்டியவருக்கு இடமில்லை.

நியோஸ்டிக்மின் தசைத்தளர்த்தியை நேரடியாக எதுவும் செய்வதில்லை. அசிடைல்கோலினைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கிறது. அதனால் அசிடைல்கோலின் சந்திப்பில் பெருகுகிறது. எண்ணிக்கையின் வலிமையால் ஏற்பிகளை மீண்டும் கைப்பற்றுகிறது. வியன்னாவில் யாக்கோப் பால் 1900-இல் கண்ட உண்மை இதன் தொடக்கம். மேற்கு ஆப்பிரிக்கக் கலபார் அவரையிலிருந்து கிடைக்கும் ஃபைசோஸ்டிக்மின், குராரேயால் செயலிழந்த விலங்கின் மூச்சை மீட்டது. அதன் வழியில் 1931-இல் செயற்கையாக உருவாக்கப்பட்டதே நியோஸ்டிக்மின்.

இம்முறையில் மூன்று வரம்புகள் உள்ளன. முதலாவது, நொதி முழுவதும் தடுக்கப்பட்ட பின் மேலும் மருந்து தருவதால் பயனில்லை. ஏற்பிகளில் பெரும்பாலானவை தசைத்தளர்த்தியால் நிரம்பியிருக்கும்போது நியோஸ்டிக்மினால் போட்டியிட இயலாது. ஓரளவு மீட்சி தானாகவே தொடங்கிய பின்னரே அதனைத் தர வேண்டும். தந்த பின்னும் முழுப் பயன் தெரியச் சில நிமிடங்கள் ஆகும். இரண்டாவது, அசிடைல்கோலின் தசைகளில் மட்டும் செயல்படும் பொருளன்று. இதயத் துடிப்பு குறைதல், எச்சில் பெருகுதல், மூச்சுக்குழல் சுருங்குதல் ஆகியவற்றையும் அது விளைவிக்கும். எனவேதான் கிளைக்கோபைரோலேட் அல்லது அட்ரோப்பின் உடன் தரப்படுகிறது. கிலோவுக்கு 0.05 மில்லிகிராம் என்ற அளவில் 50 கிலோ எடையுள்ளவருக்கு 2.5 மில்லிகிராம் நியோஸ்டிக்மின் எனில், அதனுடன் 0.5 மில்லிகிராம் கிளைக்கோபைரோலேட் சேர்க்கப்படும். மூன்றாவது, சக்சினைல்கோலின் என்ற தசைத்தளர்த்திக்கு இது மாற்றாகாது. அதன் செயலை நீட்டிக்கவும் கூடும்.

நமது பொருளுக்கு இன்றியமையாத செய்தி மற்றொன்று. நியோஸ்டிக்மினின் மூலக்கூறு மின்னேற்றம் உடையது. ஆதலால் குருதிக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பைக் கடந்து செல்வதில்லை. மூளைக்குள்ளேயே நுழையாத மருந்து மயக்கத்தைத் தெளிவிப்பது எங்ஙனம்? செவிலியர் குறிப்பிட்ட 'ரிவர்சல்' உறங்குபவரை எழுப்புவதற்குரியதன்று. எழுந்தபின் அவர் மூச்சுவிடவும் விழுங்கவும் இயல வேண்டும் என்பதற்காகத் தரப்படுவது.

3. எஞ்சிய தளர்வும் அதனை அளத்தலும்

அத்தைக்கு நேர்ந்ததை மயக்கவியலார் எஞ்சிய தசைத்தளர்வு என்பர். இது அரிதான நிகழ்ச்சியன்று. 2007-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், இடைக்காலச் செயலுடைய தசைத்தளர்த்திகளைப் பெற்றவருள் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பேரிடம், மீட்பறையில் அளந்தபோது, தசை வலிமை முழுமையாக மீளாதிருந்தது. பலருக்கு அதனால் தீங்கு நேருவதில்லை. ஆயினும் மேல்மூச்சுப் பாதைத் தசைகள் வலுவிழந்தால் எச்சில் நுரையீரலுக்குள் செல்லவும், மூச்சு தடைப்படவும் வாய்ப்புண்டு.

இதனைக் கண்டறிய மணிக்கட்டருகே நரம்பின் மேல் நான்கு மின்தூண்டல்கள் அரை வினாடி இடைவெளியில் தரப்படுகின்றன. நான்காவது துடிப்பின் வலிமையை முதல் துடிப்பின் வலிமையால் வகுத்துக் கிடைக்கும் விகிதம் 0.9 அல்லது அதற்கு மேல் இருந்தால் மீட்சி போதுமானது எனக் கொள்ளப்படுகிறது. 'தலையைத் தூக்குங்கள்', 'கையை இறுகப் பற்றுங்கள்' என்ற பழைய சோதனைகள் இதற்கு ஈடாகமாட்டா. விகிதம் 0.9-ஐ எட்டும் முன்னரே பலரால் தலையைத் தூக்க இயலும். துடிப்பைக் கையால் தொட்டு உணரும்போதும், விகிதம் 0.4-ஐக் கடந்துவிட்டால் வேறுபாடு பெரும்பாலும் புலப்படாது. அமெரிக்க மயக்கவியலாளர் சங்கத்தின் 2023-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், மூச்சுக்குழாயை அகற்றும் முன் இவ்விகிதத்தைக் கருவியால் அளந்து உறுதிசெய்யப் பரிந்துரைக்கிறது.

4. சுகமடெக்ஸ்: பொதிந்து அகற்றும் முறை

நியோஸ்டிக்மின் போட்டியைப் பெருக்குகிறது. சுகமடெக்ஸ் தசைத்தளர்த்தியையே பிடித்து அகற்றுகிறது. ஸ்காட்லாந்தின் நியூஹவுஸ் நகரிலிருந்த ஆர்கனான் ஆய்வகத்தில் இது உருவாயிற்று. ரோகுரோனியத்தைக் கரைக்க ஏற்ற பொருளைத் தேடிய அன்டன் பாம், மாவுச்சத்திலிருந்து பெறப்படும் சைக்ளோடெக்ஸ்டிரின் என்ற வளைய வடிவப் பொருள் அம்மருந்தைத் தன் நடுக்குழிக்குள் இழுத்துக்கொள்வதைக் கண்டார். எட்டுச் சர்க்கரை அலகுகளாலான காமா வளையத்தைத் திருத்தி அமைத்ததே சுகமடெக்ஸ். சர்க்கரையையும் காமா சைக்ளோடெக்ஸ்டிரினையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் துணுக்குகளை இணைத்ததே அதன் பெயர்.

ஊசி செலுத்தியதும் குருதியிலுள்ள ரோகுரோனியம் வளையங்களுக்குள் அடைபடுகிறது. அதனால் ஏற்பிகளில் இருக்கும் ரோகுரோனியமும் குருதிக்குத் திரும்பி, தானும் அடைபடுகிறது. இரண்டும் இணைந்தே சிறுநீர் வழியாக வெளியேறுகின்றன. மிதமான தளர்வில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் தந்தால் ஏறத்தாழ இரண்டு நிமிடங்களில் விகிதம் 0.9-ஐ எட்டுகிறது. அதே நிலையில் நியோஸ்டிக்மினுக்குப் பதினைந்து நிமிடங்களுக்கு மேலும் ஆகலாம். ஆழ்ந்த தளர்வுக்குக் கிலோவுக்கு 4 மில்லிகிராம். ரோகுரோனியம் தந்தவுடன் மூச்சுக்குழாய் செலுத்த இயலாத நெருக்கடி நேர்ந்தால் 16 மில்லிகிராம்.

இதற்கும் வரம்புகள் உண்டு. வளையத்தின் குழிக்குள் பொருந்துபவை ரோகுரோனியம், வெக்குரோனியம் போன்ற ஸ்டீராய்டு அமைப்புடைய மூலக்கூறுகளே. அட்ராகுரியம் பெற்றவருக்கு இது பயன்படாது. கடுமையான சிறுநீரகக் குறைபாடு உடையோருக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை. ஒவ்வாமை குறித்த ஐயத்தால்தான், ஐரோப்பாவில் 2008-இல் ஏற்கப்பட்ட இம்மருந்து அமெரிக்காவில் 2015 டிசம்பர் வரை காத்திருந்தது. விலையும் நியோஸ்டிக்மினை விட மிகுதி.

தமிழில் சொல்லப்பட வேண்டிய செய்தி ஒன்றும் இங்கு உள்ளது. கருத்தடை மாத்திரையில் உள்ள புரோஜெஸ்டோஜன் இயக்குநீரும் ஸ்டீராய்டு அமைப்புடையது. சுகமடெக்ஸ் அதனையும் பிணைக்கக்கூடும். ஆதலால் இம்மருந்தைப் பெற்ற பெண், இயக்குநீர்வழிக் கருத்தடையை மேற்கொள்பவராயின், அடுத்த 7 நாள்களுக்கு வேறொரு தடுப்பு முறையையும் சேர்த்துப் பின்பற்ற வேண்டும். 'மயக்க மருந்து கொடுத்தோம், தெளிந்துவிட்டது' என்ற ஒற்றைத் தொடரோடு வீட்டுக்கு அனுப்பப்படும் பெண்ணுக்கு இச்செய்தி சென்று சேர வழியில்லை.

5. வலிநீக்கிக்கும் துயிலூக்கிக்கும் எதிர்மருந்துகள்

ஓபியாய்டு மிகுந்து மூச்சு தளர்ந்தால் நாலோக்சோன் தரப்படுகிறது. ஓபியாய்டு அமர்ந்துள்ள ஏற்பியிலிருந்து அதனை விலக்கித் தான் அமர்வது இதன் செயல். மூச்சு மீள்வதோடு, தணிந்திருந்த வலியும் திடீரெனத் திரும்பும். நாலோக்சோனின் செயற்காலம் மார்பின் போன்றவற்றைவிடக் குறுகியது. ஆகவே அது தீர்ந்ததும் மூச்சுத்தளர்வு மீண்டும் நேரலாம் என்பதால் தொடர் கண்காணிப்பு தேவை.

மிடசோலம் போன்ற பென்சோடயசெபின்களுக்குப் புளூமசெனில் எதிர்மருந்து. இங்கும் ஏற்பியிலிருந்து விலக்குதலே செயல்முறை. இங்கும் மருந்தின் காலம் குறுகியது. விழித்துப் பேசியவர் மீண்டும் உறக்கத்தில் ஆழக்கூடும். நெடுநாள் பென்சோடயசெபின் உட்கொண்டவருக்கு வலிப்பு தூண்டப்படும் இடரும் உண்டு. துயிலைத் தரும் மருந்துகளுள் தனக்கெனக் குறிப்பான எதிர்மருந்தைப் பெற்றுள்ளவை பென்சோடயசெபின்களே எனலாம்.

பல் மருத்துவத்தில் வாயை மரத்துப்போகச் செய்யும் ஊசிக்கு ஃபென்டோலமின் என்ற மருந்து 2008-இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. அது மரப்பு மருந்தைத் தாக்குவதில்லை. குருதிக்குழாய்களை விரித்து, மருந்து விரைவில் அவ்விடத்தை விட்டு அகலச் செய்கிறது. முதுகில் ஊசி போட்டுச் செய்யும் அறுவைகளில் இத்தகைய மீட்பு வழக்கமில்லை. அம்மரப்பு தானே நீங்கும்வரை காத்திருத்தலே முறை.

6. துயிலுக்கு முறிவு உண்டா?

புரோபொஃபாலுக்கும் செவோஃபுளூரேனுக்கும் எதிர்மருந்து இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. செவோஃபுளூரேன் மூச்சின் வழியே வெளியேறுகிறது. புரோபொஃபால் மூளையிலிருந்து பிற திசுக்களுக்குப் பரவி, கல்லீரலில் சிதைகிறது. மருத்துவர் மருந்தை நிறுத்துகிறார். உடலே துயிலைக் கலைக்கிறது. 'மயக்கம் தெளிய வைக்கும் மருந்து' என்ற தொடர் குறிக்கும் பொருள் அறுவை அரங்கில் இல்லை என்பது இங்குத் தெளிவாகிறது.

அத்தகைய மருந்துக்கான தேடல் நிகழாமலில்லை. 1846-இல் ஈதர் செய்துகாட்டப்பட்ட அதே பாஸ்டன் மருத்துவமனையில் கென் சோல்ட், எமரி பிரவுன் குழுவினர் 2011-இல் எலிகளில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஐசோஃபுளூரேன் பெற்ற எலிகளுக்கு மெத்தில்ஃபெனிடேட் தந்தபோது, விழித்தெழும் காலத்தின் இடைநிலை அளவு 280 வினாடியிலிருந்து 91 வினாடியாகக் குறைந்தது. இம்மருந்து ஐசோஃபுளூரேனை விரட்டுவதில்லை. மூளையின் விழிப்பூட்டும் பாதைகளைத் தூண்டுகிறது.

சிகாகோ பல்கலைக்கழகக் குழுவினர் இதே வினாவைக் காப்பியின் துணையுடன் அணுகினர். 2018-இல் வெளியான அவர்களது ஆய்வில் உடல்நலமுள்ள எட்டு ஆண்கள் இருமுறை ஐசோஃபுளூரேன் பெற்றனர். இறுதியில் ஒருமுறை உப்புநீரும் மறுமுறை கஃபீனும் நரம்புவழி செலுத்தப்பட்டன. விழித்தெழும் காலம் சராசரியாக 16.5 நிமிடத்திலிருந்து 9.6 நிமிடமாகக் குறைந்தது. கஃபீனின் அளவு கிலோவுக்கு 7.5 மில்லிகிராம், 60 கிலோ எடையுள்ளவருக்கு 450 மில்லிகிராம். இம்முடிவு ஊக்கம் தருவதே. ஆயினும் அவர்கள் எண்மரே; நோயற்றவர்கள்; அறுவைக்கு உட்படாதவர்கள். முதியோருக்கும் இதய நோயாளருக்கும் இதனை அப்படியே பொருத்த இயலாது. அறுவைக்குப் பின் நோயாளிக்குக் காப்பி புகட்டினால் விரைவில் தெளிவார் என்று இதிலிருந்து கொள்வதும் பிழை. முழுமையாக விழுங்கும் திறன் மீளாதவருக்கு வாய்வழி எதனையும் தருதல் தீங்காகும்.

7. முறிவும் மீட்பும்: பாம்புக்கடி தரும் விளக்கம்

மேற்கூறிய செயல்முறைகளுக்குத் தமிழில் எச்சொற்கள் பொருந்தும்? நாளிதழ்களிலும் நூல்களிலும் 'முறிவு மருந்து', 'மாற்று மருந்து', 'எதிர்மருந்து' என்பன வேறுபாடின்றி ஆளப்படுகின்றன. இவற்றைப் பிரித்தறிய அறுவை அரங்கைவிடப் பாம்புக்கடிச் சிகிச்சையே தெளிவான எடுத்துக்காட்டைத் தருகிறது.

நல்ல பாம்பின் நஞ்சிலுள்ள நரம்பு நச்சு, குராரேயைப் போலவே தசையின் ஏற்பிகளில் அமர்ந்து அசிடைல்கோலினைத் தடுக்கிறது. கண்ணிமை தொங்குவதும், விழுங்க இயலாமையும், மூச்சுத் தளர்வும் அதன் விளைவுகள். கடிபட்டவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே அசைவற்றுக் கிடக்கலாம். அத்தை விவரித்த நிலைக்கு அடிப்படையான இயக்கமும் இதுவே. இதற்கு நம் மருத்துவமனைகளில் இருவகை மருந்துகள் தரப்படுகின்றன.

ஒன்று நஞ்சுமுறிவு மருந்து. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் குதிரைக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அதன் குருதியில் உருவாகும் எதிர்ப்பொருள்களைப் பிரித்தெடுத்து இது ஆக்கப்படுகிறது. மாமல்லபுரத்தருகே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இதற்கான நஞ்சை வழங்கிவருகிறது. ஆவடி, பூந்தமல்லி அமைந்துள்ள திருவள்ளூர் மாவட்டத்திலும் இருளர் குடியிருப்புகள் பல உள்ளன. இந்த எதிர்ப்பொருள்கள் நஞ்சு மூலக்கூறையே பற்றிப் பிணைத்துச் செயலறச் செய்கின்றன.

மற்றொன்று, அறுவை அரங்கில் கண்ட அதே நியோஸ்டிக்மின். அட்ரோப்பினுடன் சேர்த்துத் தரப்படுகிறது. இது நஞ்சைத் தொடுவதில்லை. அசிடைல்கோலினைப் பெருக்கி ஏற்பிகளை மீட்கிறது. கட்டுவிரியன் கடியில் இது பெரும்பாலும் பயனளிப்பதில்லை. அப்பாம்பின் நஞ்சு நரம்பு முனையையே சிதைத்து அசிடைல்கோலின் வெளிப்படுவதை நிறுத்திவிடுகிறது. வெளிப்படாத பொருளைச் சிதையாமல் காப்பதால் பயன் என்ன?

இவ்விரண்டையும் ஒப்பிட்டால் சொற்கள் தாமே அமைகின்றன. பொருளையே பற்றிச் செயலிழக்கச் செய்வது முறிவு. நஞ்சுமுறிவு மருந்தும் சுகமடெக்ஸும் இவ்வகையின. பொருளை விட்டுவைத்து, இழந்த செயலை மட்டும் திரும்பப் பெறுவது மீட்பு. நியோஸ்டிக்மின் தசைமீட்பு மருந்து. ஏற்பியிலிருந்து பொருளை விலக்கித் தான் அமர்வது இடவிலக்கம். நாலோக்சோனும் புளூமசெனிலும் இடவிலக்கிகள். உறங்கும் மூளையைத் தூண்டி எழுப்புவது விழிப்பூக்கம். மெத்தில்ஃபெனிடேட்டும் கஃபீனும் ஆய்வுநிலை விழிப்பூக்கிகள். 'எதிர்மருந்து' என்பதை இந்நான்கிற்கும் பொதுப்பெயராகக் கொள்ளலாம்.

8. கிறீன் காட்டிய வழி

இத்தகைய முயற்சிக்குத் தமிழில் முன்மாதிரி உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டரில் 1822-இல் பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், 1847-இல், அதாவது அவரது மாநிலத் தலைநகரில் ஈதர் செய்துகாட்டப்பட்ட மறு ஆண்டில், யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அவர், 1864 முதல் அதனைத் தமிழிலேயே கற்பித்தார். 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'கெமிஸ்தம்' முதலிய நூல்கள் அவரது முயற்சியில் வெளிவந்தன.

கலைச்சொல்லாக்கத்தில் அவர் பின்பற்றிய வரிசை குறிப்பிடத்தக்கது. முதலில் வழக்கிலுள்ள தமிழ்ச் சொல்லைத் தேடினார். அது கிடைக்காதபோது வடசொல்லை நாடினார். அதுவும் பொருந்தாதபோது ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்ப எடுத்துக்கொண்டார். 'கெமிஸ்தம்' என்ற நூற்பெயரே மூன்றாம் வழிக்குச் சான்று. மருந்தின் பெயரை மாற்ற அவர் வழியில் கட்டாயமில்லை. மருந்து என்ன செய்கிறது என்பதே தமிழில் விளங்க வேண்டும். நியோஸ்டிக்மின் நியோஸ்டிக்மினாகவே இருக்கலாம். அதன் செயலைக் கூறும் சொல் தெளிவாக இருத்தலே தேவை.

அம்முறையில் ஒப்புதல் படிவங்களில் பின்வரும் பொருளமைந்த தொடர்கள் இடம்பெறலாம்: 'உங்களுக்கு உறங்க வைக்கும் மருந்து, வலி நீக்கும் மருந்து, தசைகளைத் தளர்த்தும் மருந்து என மூன்று தரப்படும். உறக்கம், மருந்தை நிறுத்தியபின் தானாகக் கலையும். தசைகளின் வலிமையை மீட்கத் தனி மருந்து தரப்படும். விழித்தபின் சில நிமிடங்கள் கண் திறக்கவோ கை அசைக்கவோ கடினமாகத் தோன்றலாம். அப்போதும் உங்கள் மூச்சு கண்காணிக்கப்படும். சுகமடெக்ஸ் தரப்பட்டால் கருத்தடை மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.' இத்தொடர்களில் பள்ளிக் கல்வி பெற்ற எவருக்கும் விளங்காத சொல் மருந்தின் பெயரொன்றே.

முடிவுரை

அறுவை முடிவில் வழக்கமாகத் தரப்படும் எதிர்மருந்து தசைத்தளர்வுக்கு உரியது, துயிலுக்கு உரியதன்று. வலிநீக்கிக்கும் சில துயிலூக்கிகளுக்கும் இடவிலக்கிகள் உண்டு. பொதுத் துயிலுக்கான விழிப்பூக்கிகள் ஆய்வு நிலையிலேயே உள்ளன. முறிவு, மீட்பு, இடவிலக்கம், விழிப்பூக்கம் என்ற நான்கும் வெவ்வேறு செயல்கள். அவற்றின் இடர்களும் வெவ்வேறு. 'மயக்கம் தெளிய வைக்கும் மருந்து' என்ற ஒரே பெயர் இவற்றை மறைக்கிறது.

கலைச்சொல் அகராதிகளைத் தொகுப்போர் மருந்துகளை அகரவரிசையில் மட்டுமின்றிச் செயல்முறை வரிசையிலும் பட்டியலிடுதல் பயனுடையது. மருத்துவமனைகளில் வழங்கும் தமிழ் ஒப்புதல் படிவங்களை மயக்கவியலாரும் மொழியியலாரும் இணைந்து மீளாய்வு செய்தல் அடுத்த பணியாகும். கட்டுரையாளர் தம் அத்தையிடம் இவ்வேறுபாட்டை விளக்கியபோது அவர் கேட்டது ஒரே வினா: "இத முன்னாடியே சொல்லியிருந்தா நான் அப்படிப் பயந்திருக்க மாட்டேனே?" மருத்துவத் தமிழ் விடை கூற வேண்டிய வினா அது.